அப்பத்தா இல்லாத மொத சித்திரை, தலைக்கு ஊத்துறத விட்றலாமா?

ரங்கூன் பேத்தி:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க. எங்க அப்பத்தா ஐப்பசில தவறிட்டாங்க. வருஷம் திரும்புற வரைக்கும் வீட்ல பண்டிகை கிடையாதுன்னு பெரியப்பா சொல்லிட்டாரு, பொங்கலுக்கும் பானை வைக்கல, அதுல எனக்கு ஒரு சண்டையும் இல்ல. ஆனா அப்பத்தா வச்சிருந்தது ரெண்டு வருஷப்பிறப்பு. ஏப்ரல் 14 நம்மளோடது, பர்மாக்காரங்க ஒருத்தர் மேல ஒருத்தர் தண்ணி ஊத்தி விளையாடுற தண்ணித் திருவிழா நடுவுல வந்து மாட்டும், பட்டுச்சேலை நனையாம கோயிலுக்குப் போயிட்டு வர்றதே அவங்களுக்குப் பெரிய சாகசம். 17 பர்மாக்காரங்களோடது. அன்னைக்குப் பெரியவங்க தலைய சின்னவங்க கழுவிவிடுவாங்கல்ல, பக்கத்து வீட்டு பர்மாப் பொண்ணுங்க ரெண்டு பேரும் தயோ கின்புன் கொதிக்க வச்ச தண்ணியத் தூக்கிட்டு வந்துருவாங்க. தெரியாதவங்களுக்கு, கின்புன்னா நம்ம சீயக்காய்தான், தயோ ஒரு மரப்பட்டை, வழவழன்னு இருக்கும். அப்பத்தா முன்னாடியே நல்லெண்ணெய் வச்சுக்கிட்டு முக்காலில தயாரா உக்காந்திருப்பாங்க, "அவளுகளுக்குச் சீயக்காய் தெரியும் எண்ணெய் தெரியாது, ரெண்டையும் சேத்து வச்சவ நான்தேன்"னு ஒரே பீத்தல்.

இன்னொண்ணும் சொல்லணும். 65ல தனியார் பள்ளிக்கூடத்தையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கிட்டப்ப தமிழ்ப் பள்ளிக்கூடமும் சேந்து போச்சு, அப்பலேர்ந்து சாயங்காலம் வாசல்ல பாய் விரிச்சு அக்கம்பக்கத்துப் புள்ளைங்களுக்கு அரிச்சுவடி சொல்லிக்குடுத்தாங்க, கடைசி வரைக்கும் நிறுத்தல. இந்தப் பொண்ணுங்களும் வேடிக்கை பாக்க வந்து உக்காந்து தமிழ்ல பேர் எழுதக் கத்துக்கிச்சுங்க. இப்ப ரெண்டும் வந்து, "ப்வாப்வா (பர்மாப் பேச்சுல பாட்டி) இல்ல, இந்த வருஷம் யார் தலைக்கு ஊத்துறது?"ன்னு கேக்குதுங்க. அம்மா உள்ள போய் அழுதாங்க. பெரியப்பா கூடாதுங்கிறாரு. உங்க வீட்ல என்ன செஞ்சீங்க?

மௌல்மேன் மருமக:
தங்கச்சி, துக்க வீட்ல எண்ணெய்ச் சட்டி அடுப்புல ஏறக்கூடாது, அடுத்தவங்க கொண்டு வந்தா வாங்கிக்கலாம், எங்க பக்கம் அப்படித்தான். எங்க மாமனார் தவறுன வருஷம் நாங்க ஒண்ணும் செய்யல, பர்மாக்காரத் தெருவே மொன்லோன் யேபோ உருட்டி சட்டியோட கொண்டு வந்துச்சு. பச்சரிசி மாவு இல்ல, ஒட்டுற அரிசி மாவு, உள்ள பனைவெல்லம், வெந்து தண்ணில மிதந்தா எடுத்து மேல தேங்காய்ப்பூ. விளையாட்டுக்கு ஒண்ணு ரெண்டுல வெல்லத்துக்குப் பதிலா மிளகாய வச்சிருவாங்களே, அது சரியா எங்க மாமியார் வாய்ல மாட்டிச்சு. கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி, அந்தத் தெருவையே திட்டினாங்க. மாமனார் போனதுலேர்ந்து வாயத் தொறக்காம இருந்த மனுஷி. உங்க அம்மாவ முக்காலில உக்கார வைங்க.

பழைய ஆளு:
எல்லாரும் ஈஸியா சொல்லிடுறீங்க. எண்ணெய் தேச்சுக் குளிக்கிறது மங்களக் குளியல், வருஷாப்தம் முடியாம கூடாதுன்னு பெரியவர் சொன்னா அதுல அர்த்தம் இருக்கு. ஆனா ஒண்ணு, பர்மாக்காரங்க வழக்கத்துல எண்ணெயே கிடையாதே. எண்ணெய் வைக்காம ஊத்துனா என்ன? போய்க் கேட்டுப் பாருங்க.

வியாசர்பாடி பேரன்:
அக்கா, நான் சென்னைல இருக்கேன், இதப் படிச்சுட்டு கைகால் ஓடல. எங்க தாத்தா ரங்கூன்ல சின்னதா ஒரு கடை வச்சிருந்தவரு. 64 மே மாசம் 50, 100 கியாத் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சதுல எல்லாம் போச்சு, அடுத்த வருஷம் கப்பல் ஏறி மெட்ராஸ் வந்துட்டாரு. ஊரப் பத்திக் கேட்டா பேசவே மாட்டாரு, அத்தோன்னு பர்மா நூடுல்ஸ் விக்கிற கடைப் பக்கம் போனா மட்டும் கடைக்காரர்கிட்ட பர்மாக்காரப் பேச்சுல பேசிட்டு நிப்பாரு. ஆனா வருஷா வருஷம் ஏப்ரல் 17 பேரப்புள்ளைங்கள எல்லாம் கூப்பிட்டு சீயக்காய் போட்டு தலைக்கு ஊத்தச் சொல்வாரு. புத்தாண்டு முடிஞ்சு மூணு நாள் கழிச்சு எதுக்குடா இந்தாளுக்கு எண்ணெய்க் குளியல்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். இன்னைக்குத்தான் தெரியுது. அவர் போயி ஒம்பது வருஷமாச்சு, இப்ப யார்கிட்ட சொல்றது.

ரங்கூன் பேத்தி:
தம்பி, நீ எழுதினத அம்மாவுக்கு ரெண்டு தடவை படிச்சுக் காமிச்சேன்.
பழைய ஆளு ஐயா, எண்ணெய் இல்லாமன்னு பெரியப்பாகிட்ட சொன்னேன், ரொம்ப நேரம் பேசல. அதுக்குள்ள அந்தப் பொண்ணுங்களே, வீட்ல இப்ப மூத்தவங்க யாரோ அவங்களுக்குத்தான் ஊத்தணும்னு சொல்லிருச்சுங்க. அது பெரியப்பாதான். அவருக்குத் தலை சுத்தமா வழுக்கை. சாயங்காலம் தானா வந்து, "எனக்கு எத்தன சீயக்காய் வேணும், சும்மா வீணாக்காதீங்க"ன்னு சொல்லிட்டு முக்காலி எங்கன்னு தேடிட்டு இருந்தாரு.