இலைக்குள் இருக்கும் நீலம்: ‘மயிற்கணிகம்’ என்ற சொல் பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மயில் பெகோனியா என்னும் செடியின் இலைத்தோலில் காணப்படும் ‘இரிடோபிளாஸ்ட்’ என்னும் நுண்ணுறுப்புக்குத் தமிழ்ப் பெயராக ‘வானவிற்கணிகம்’, ‘ஒளிர்கணிகம்’ என்ற இரு சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன (கணிகம் என்பது தாவரச் செல்லுக்குள் இருக்கும் ஒருவகை நுண்ணுறுப்பு). இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. அதற்கான காரணத்தைச் செடியிலிருந்தே தொடங்குகிறேன்.

மலேசியத் தீபகற்பத்தின் மலைக்காடுகளில் அடர்நிழலில் வளரும் இச்செடியை, கோவையில் என் வீட்டின் வடக்குப் பார்த்த அறையில், மூடிய கண்ணாடிப் பேழைக்குள் வளர்த்து வருகிறேன். (‘டெரேரியம்’ என்பதற்குச் ‘செடிப்பேழை’ என்பதே போதும் என்று நினைக்கிறேன்.) சாதாரணமாகப் பார்த்தால் கரும்பச்சையாகத் தோன்றும் இலை, கைவிளக்கின் ஒளி ஒரு குறிப்பிட்ட சாய்வில் விழுந்ததும் சட்டென்று நீலமாகிறது, விளக்கைச் சற்று நகர்த்தினால் அந்த நீலம் மறைந்துவிடுகிறது. அது சாயத்தின் நீலம் அன்று.

2016ஆம் ஆண்டு ‘நேச்சர் பிளான்ட்ஸ்’ இதழில் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை இதன் இயக்கத்தை விளக்குகிறது. இந்தக் கணிகங்களுக்குள் தைலகாய்டுகள் (ஒளியை உறிஞ்சும் தட்டையான சவ்வுப் பைகள்) மூன்று நான்காக அடுக்கப்பட்டு, அவ்வடுக்குகள் ஒன்றுக்கொன்று சீரான இடைவெளியில் அமைந்திருப்பதால், நீல ஒளி எதிரொளிக்கப்படுகிறது. பச்சை ஒளியோ வழக்கத்தைவிடக் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. உயர்ந்த மரங்களின் இலைகள் சிவப்பையும் நீலத்தையும் பெருமளவு எடுத்துக்கொண்ட பிறகு காட்டுத்தரைக்கு மிஞ்சுவது பச்சை ஒளியே என்பதால், மங்கிய வெளிச்சத்தில் இந்த அமைப்பு ஒளிச்சேர்க்கையின் திறனை 5 முதல் 10 விழுக்காடு வரை உயர்த்துகிறது. ஆகவே இது அலங்காரம் அன்று, நிழலில் பிழைப்பதற்காகத் திருந்திய பசுங்கணிகமே.

இனிச் சொற்களுக்கு வருவோம். மின்மினி ஒளிர்கிறது, இந்த இலை தானாக ஒளியை உமிழ்வதில்லை என்பதால் ‘ஒளிர்கணிகம்’ அடிப்படையிலேயே பிழையான பொருளைத் தருகிறது. ‘வானவிற்கணிகம்’, வானவில்லைக் குறிக்கும் ‘ஐரிஸ்’ என்ற கிரேக்க மூலத்துக்கு நேரானதுதான். எனினும் இலையில் வானவில்லின் ஏழு நிறங்கள் இல்லை. அதோடு பாடநூல்களில் ஏற்கெனவே ‘வண்ணக்கணிகம்’ என்பது பூ, பழங்களுக்கு நிறம் தரும் வேறொரு கணிகத்துக்கு வழங்குவதால், மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.

நம் பகுதியில் இந்தத் தோற்றத்துக்குப் பெயர் இல்லாமல் இல்லை. சிறுமுகைப் பட்டு நெய்பவரும் சேலை வாங்குபவரும் ‘மயில்கழுத்து’ என்று சொன்னாலே, அசைய அசைய நீலமும் பச்சையும் மாறிமாறித் தோன்றும் நிறம் கண்முன் வந்துவிடும். சேலையில் பாவும் ஊடையும் வெவ்வேறு நிற நூலாக இருப்பதால் அந்த மாற்றம் நிகழ்கிறது. இலையின் இயக்கம் அதுவன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பறவையின் இயக்கம் இதற்கு மிக நெருக்கமானது. சோளக்காட்டில் உதிர்ந்து கிடக்கும் மயிற்பீலியை எடுத்துப் பின்புறம் திருப்பிப் பாருங்கள், வெறும் பழுப்பாகவே தெரியும். அங்கும் நீல நிறமி கிடையாது, நுண்ணிய அடுக்கமைப்பு ஒளியைத் திருப்புவதால்தான் அந்த நீலம். இச்செடியின் இலத்தீன் சிற்றினப் பெயரான ‘பவோனினா’வும் மயிலைக் குறிப்பதே.

எனவே ‘மயிற்கணிகம்’ என்பதை முன்மொழிகிறேன். வேறு செடிகளிலும் இத்தகைய கணிகங்கள் இருப்பதால் மயிலின் பெயர் ஓரினத்துக்கு மட்டும் உரியதாகிவிடாதா என்று சிலர் கேட்கக்கூடும். இங்கே மயில் என்பது சாயலைக் குறிக்கிறது, இனத்தையன்று. விலங்குகளின் செல்லில் கணிகமே இல்லை என்பதால், மயிலின் உறுப்பு என்று யாரும் தவறாகக் கொள்ளவும் வழியில்லை.

ஒன்றில் மட்டும் எனக்கு முடிவு எட்டவில்லை. கோணத்துக்கேற்ப நிறம் மாறும் பண்பைப் பொதுவாகக் குறிக்க ‘மயிற்சாயல்’ என்று சொன்னால், சோப்புக் குமிழிக்கும் சிப்பியின் உட்புறத்துக்கும் அது பொருந்துமா, அல்லது அவற்றுக்கு வேறு சொல் வேண்டுமா? உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.