மயக்க மருந்தில் இருக்கிறவருக்குக் காது கேட்குமா?

குமரிக்கடல்: "மருந்து ஏறிட்டா ஆள் வெறும் கட்டை, எதுவும் உள்ளே போகாது"ன்னு மேலே ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார். 1965-ல தென்னாப்பிரிக்காவுல லெவின்சன்னு ஒரு டாக்டர் பத்து நோயாளிங்ககிட்ட சோதனை பண்ணினார். அவங்க ஈதர் மயக்கத்துல இருக்கிறப்ப, உதடு நீலமாகுதுன்னு மயக்க மருந்து டாக்டரை வேணும்னே பதறிப் பேச வச்சாங்க. ஒரு மாசம் கழிச்சு ஹிப்னாடிசத்துல நாலு பேர் அந்தப் பேச்சை அப்படியே ஒப்பிச்சாங்க. நாலு பேர்!

ஓடி ராசு: ஹிப்னாடிசம் பண்ணினது யாரு? அதே லெவின்சன். பேச்சு என்னன்னு தெரிஞ்சவரே கேள்வி கேட்டா பதிலும் அவர் வாயிலிருந்துதான் கசியும். அந்தப் பதற்றப் பேச்சைக் கேட்காத இன்னொரு குழுவை வச்சு ஒப்பிட்டாரா? இல்லை. 18 வருஷமா மயக்க மருந்து மெஷின் பக்கத்துல நிக்கிறேன், எனக்கே பாடமா?

குமரிக்கடல்: அப்போ நாலு பேரும் பொய்யா?

ஓடி ராசு: பொய்னு எங்கே சொன்னேன்? திரும்பப் படிங்க.

வேப்பமரம்: உள்ளே பதியறது வேற, பின்னால ஞாபகம் வர்றது வேற. முதல்ல எதைப் பத்திப் பேசறோம்?

ஓடி ராசு: நாலு பேரைப் பத்தி.

மல்லிகா: எனக்கு சிசேரியன் நடந்தப்போ கண்ணுல டேப் ஒட்டியிருந்தாங்க. சுண்டுவிரலைக்கூட அசைக்க முடியலை. "இந்த நூல் வேண்டாம், வேற குடு"ங்கிற குரல் தெளிவா கேட்டுச்சு. சொன்னா, கனவும்மான்னாங்க. 2014-ல பிரிட்டன், அயர்லாந்து ஆய்வுல, மொத்தத்துல சுமார் 19,000-க்கு ஒருத்தர், முழு மயக்கம் குடுத்த சிசேரியன்ல 670-க்கு ஒருத்தர் இப்படிச் சொல்லியிருக்காங்க. நானும் கட்டையா?

ஓடி ராசு: அம்மா, உங்களுக்கு மருந்து பத்தலை, முழிச்சிட்டீங்க. அது தனிக் கதை. நாலு பேர் நல்ல மயக்கத்துல இருந்தாங்கன்னு இவர் சொல்றார்.

மல்லிகா: என் வலி உங்களுக்குத் தனிக் கதையா?

குமரிக்கடல்: 2017-ல வந்த ஆய்வுல, மயக்கத்துல இருந்தவங்களோட ஒரு கையை மட்டும், தசையைத் தளர்த்துற மருந்து அதுக்குள்ள போகாம கட்டி வச்சு, "கையை அமுக்குங்க"ன்னாங்க. 260 பேர்ல 12 பேர் அமுக்கினாங்க. எழுந்த பிறகு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை.

ஓடி ராசு: ஞாபகம் இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்போ லெவின்சனோட நாலு பேர்?

குமரிக்கடல்: டெங்குவுக்குப் பப்பாளி இலைன்னு சண்டை போட்டவர்தானே நீங்க?

ஓடி ராசு: அதுல நீங்க பதில் சொல்லாம ஓடினதை எல்லாரும் பார்த்தாங்க. பப்பாளிக்கு அப்புறம் வர்றேன். நாலு பேர்கிட்ட வேற ஆள் யாராவது கேட்டாங்களா? ஆமாவா, இல்லையா?

மல்லிகா: ராசு அண்ணே, என் கேள்வி அப்படியே நிக்குது.