புல்பப் ரைஃபிள்ல மேகசின் ஏன் பின்னாடி இருக்கு? நல்ல டிசைன்னா ஏன் சில நாடு விட்டுட்டு போகுது?

மழைக்குருவி:
ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கிற கேள்வி. நம்ம மார்கோஸ் (கடற்படை), கருட் (விமானப்படை) கமாண்டோ ஆளுங்க கையில டேவர்ங்கிற புல்பப் ரைஃபிள் பார்த்திருப்பீங்க, டிரிகர் நடுவுல இருக்கும், தோட்டா அடுக்கற மேகசின் அதுக்குப் பின்னாடி அக்குள் பக்கத்துல இருக்கும், பார்க்கவே தலைகீழா செஞ்ச மாதிரி ஒரு ஃபீலிங். ஏகே, இன்சாஸ் எல்லாம் மேகசின் முன்னாடிதானே, இதுல மட்டும் ஏன் பின்னாடி கொண்டு போனாங்க? அப்புறம் இன்னொண்ணு, ஃபிரான்ஸ் புல்பப்பை விட்டாச்சு, நியூசிலாந்து விட்டாச்சு, சைனாவும் மாறுதுன்னு படிச்சேன். அவ்வளவு நல்ல டிசைன்னா ஏன் விடணும்? நான் இடது கைக்காரன், அதனால அந்தப் பக்கமும் யாராச்சும் சொன்னா நல்லா இருக்கும். துப்பாக்கி பத்தி எனக்கு கேம் விளையாடின அறிவுதான், கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க.

நட்டுபோல்ட்டு:
ப்ரோ, மேகசினை பின்னாடி கொண்டு போனாங்கன்னு பார்க்காதீங்க, டிரிகரை முன்னாடி கொண்டு வந்தாங்கன்னு பாருங்க, சட்டுனு புரிஞ்சிடும். சாதாரண ரைஃபிள்ல தோள்ல வைக்கிற பட் இருக்குல்ல, அந்த நீளத்துக்கு அங்க பெருசா ஒரு வேலையும் நடக்காது (அமெரிக்க எம்16ல ஒரு ஸ்பிரிங் உள்ள போகும், அது வேற). புல்பப்ல அந்த இடத்தை சும்மா விடாம சேம்பர் (தோட்டா உட்கார்ந்து வெடிக்கிற இடம்), போல்ட் (அதைப் பின்னாடி மூடற பாகம்), மேகசின் எல்லாத்தையும் அங்க தள்ளிடுறாங்க, அதனால பேரலும் (குழல்) பின்னாடியே ஆரம்பிக்குது, பேரல் நீளம் குறையாமலே மொத்த நீளம் குறைஞ்சிடுது.

நம்பர்ல பாருங்க. எம்16ஏ2க்கு பேரல் 508 மி.மீ, மொத்தம் கிட்டத்தட்ட 1 மீட்டர். ஆஸ்திரியாக்காரன் ஸ்டெயர் ஏயூஜிக்கும் அதே 508 மி.மீ பேரல்தான், ஆனா மொத்த நீளம் 790 மி.மீ. எம்4 சின்னதுன்னு சொல்வோம்ல, பட் பகுதியை முழுசா இழுத்தா அது 838 மி.மீ வருது, அதோட பேரல் வெறும் 368 மி.மீ. அதாவது ஏயூஜி எம்4ஐ விட குட்டை, ஆனா பேரல் 14 செ.மீ நீளம் ஜாஸ்தி! இது ஒண்ணுதான் புல்பப்போட மொத்த நியாயமும், மத்ததெல்லாம் இதுக்காகக் குடுக்கிற விலை.

பேரல் நீளம் எதுக்குன்னா இதுங்க சுடற 5.56 மி.மீ தோட்டா ரொம்ப லேசு, வேகத்தை நம்பித்தான் பிழைக்குது. பேரல் குட்டையானா வெடிமருந்து முழுசா எரிஞ்சு தள்ளுறதுக்குள்ள தோட்டா வெளிய வந்துடும், வேகம் குறையும், முனையில தீயும் சத்தமும் கூடும். அதனால 1970கள்ல கவச வண்டிக்குள்ள ஏறி இறங்குற சோல்ஜருக்கு குட்டையாவும் வேணும் ஆனா வேகமும் போகக்கூடாதுன்னு யோசிச்சப்போ இந்த டிசைன் அப்படியே பொருந்திச்சு. ஐடியா அதுக்கும் பழசு, பிரிட்டிஷ்காரன் 1951ல இஎம்-2ன்னு ஒரு புல்பப்பை படைக்கே எடுத்துக்கிட்டு அப்புறம் தோட்டா சைஸ் அரசியல்ல கைவிட்டுட்டான்.

ஏயூஜி பத்தி தனியா சொல்லியே ஆகணும், 1977ல ஆஸ்திரிய படைக்கு வந்தப்போ அது வேற உலகத்துப் பொருள் மாதிரி இருந்திருக்கும். உடம்பு பூரா பாலிமர், உள்ள ஹேமர் செட்டே (தோட்டாவை வெடிக்க வைக்கிற பாகங்கள்) கிட்டத்தட்ட பிளாஸ்டிக்தான், மேகசின் கண்ணாடி மாதிரி தெரியும் எத்தனை ரவுண்டு மிச்சம்னு வெளியவே பார்க்கலாம், கைப்பிடியிலயே 1.5 மடங்கு ஸ்கோப். பேரலை சட்டுனு கழட்டி வேற நீளத்துப் பேரல் மாட்டலாம். ஒவ்வொண்ணாவா தொடர்ச்சியாவான்னு மாத்தற செலக்டர் லீவரே கிடையாது, டிரிகரை பாதி அழுத்தினா ஒரு ரவுண்டு, முழுசா அழுத்தினா தொடர்ச்சியா போகும். எனக்கு இந்த டிரிகர் ஐடியா மட்டும் பிடிக்காது, பதட்டத்துல இருக்கிறவன் பாதி முழுசுன்னு அளந்தா அழுத்துவான்?

என்எஸ்_மேன்:
சிங்கப்பூர்ல நேஷனல் சர்வீஸ் பண்ணினவன், எஸ்ஏஆர் 21 தூக்கினவன், அதனால கை அனுபவம் சொல்றேன். அதுவும் புல்பப்தான், எங்க நாட்டுலயே செஞ்சது, 1999ல வந்துச்சு, பழைய எம்16எஸ்1க்கு பதிலா. 805 மி.மீ நீளம், 508 பேரல், ஸ்கோப் கைப்பிடியிலயே, லேசரும் உள்ளயே இருக்கு.

நல்ல விஷயம் முதல்ல. எடை பூரா பின்னாடி உடம்போட ஒட்டி இருக்கிறதால வலது கையால மட்டும் பிடிச்சுட்டு இடது கையால ரேடியோவோ கதவோ பார்க்கலாம், குடத்தை இடுப்புல வெச்சுட்டு இன்னொரு கையால வேலை பார்க்கிற மாதிரி. புதருக்குள்ள போறப்பயும் வண்டிக்குள்ள உட்காரறப்பயும் முனை எதுலயும் மாட்டாது.

இப்ப கெட்டது. மேகசின் மாத்துறது. சாதாரண ரைஃபிள்ல கை இயல்பாவே முன்னாடி போய் கண் பார்வைக்குள்ளயே வேலை முடியும், இதுல அக்குள் கிட்ட கையை மடக்கி தடவணும், பழகினா கை தானா போகும்தான் ஆனா அந்தப் பழக்கம் வர்றதுக்கு நேரம் எடுக்கும். டிரிகரும் அப்படித்தான், விரல் முன்னாடி இருக்கு, வேலை நடக்கிறது பின்னாடி, நடுவுல ஒரு நீளக் கம்பி இழுத்துட்டுப் போகுது, அதனால எந்த அழுத்தத்துல சுடும்னு தெரியாம ஒரு சவசவப்பு.

அப்புறம் யாரும் சொல்லாத ஒண்ணு, சுடறப்போ உங்க கன்னத்துக்கு அந்தப் பக்கம்தான் சேம்பர் இருக்கு. தோட்டா ஏதாச்சும் கோளாறாகி உள்ளயே வெடிச்சா முகம்தான் பக்கத்துல. அதுக்காகவே எஸ்ஏஆர் 21ல கன்னம் படற இடத்துல கெவ்லர் (கவச உடுப்புல போடற நார்) தகடு வெச்சிருக்கான், வெடிச்ச வாயு வெளியேற தனி வழியும் இருக்கு. டிசைன் பண்ணினவன் அதை யோசிச்சிருக்கான்ங்கிறதே எனக்கு ஒரு தைரியம்.

சும்மாபார்வை:
எதுக்கு இவ்வளவு நீட்டணும், புல்பப் கதை முடிஞ்சுபோச்சு. பிரிட்டன் படையோட புல்பப் எல்85 குப்பைன்னு உலகமே சொன்னது, மேகசின் தானா கீழ விழும்.

பழைய பட்டாளத்தான்:
தம்பி, எல்85 மோசமா இருந்ததுக்கும் அது புல்பப்ங்கிறதுக்கும் முடிச்சு போடாதீங்க. முதல்ல வந்த ஏ1 மாடல்ல மேகசின் கேட்ச் (மேகசினைக் கழட்டற பட்டன்) உடம்புல பட்டாலே அழுந்திடும், 1991 வளைகுடா போர்ல மணல்ல ஏகப்பட்ட ஜாம், எல்லாம் உண்மைதான். ஆனா அது செஞ்ச தரமும் உள்ள இருந்த பார்ட்ஸும் பண்ணின வேலை. அதே ரைஃபிளை ஹெக்லர் அண்ட் காக்ங்கிற ஜெர்மன் கம்பெனி கையில குடுத்து உள்ள எல்லாத்தையும் மாத்தி ஏ2ன்னு கொண்டு வந்தப்புறம் ஒழுங்கா ஓடுச்சே, மேகசின் அதே இடத்துலதானே இருந்துச்சு. அதுல திருத்த முடியாம போன குறை வேற.

அதுதான் மழைக்குருவி கேட்ட இடது கை சமாச்சாரம். எல்85ல சுட்ட தோட்டாவோட காலி ஷெல் வலது பக்கமாத்தான் வரும், அதுக்கு மேல போல்ட்டோட கைப்பிடியும் வலது பக்கம் முன்னும் பின்னும் ஓடும். இடது தோள்ல வெச்சு சுட்டா இரண்டும் மூஞ்சியில. அதனால பிரிட்டிஷ் படையில இடது கைக்காரனும் வலது தோள்லதான் சுடணும், தனியா ரைஃபிள் கிடையாது. கட்டடத்துக்குள்ள மூலை திரும்பறப்போ தோள் மாத்தி சுடற வசதி அங்க அடிபட்டுப் போகுது, இந்த ஒரு விஷயத்துக்கு சாதாரண ரைஃபிள்தான் எனக்குப் பிடிக்கும்.

மத்தவங்க வெவ்வேற வழி பார்த்தாங்க. ஏயூஜி, டேவர்ல போல்ட்டை மாத்தி மூடியை அந்தப் பக்கம் போட்டா ஷெல் இடது பக்கம் வரும். பெல்ஜியம் எஃப்2000ல ஷெல் உள்ளயே ஒரு குழாய்ல முன்னாடி போய் முனைப் பக்கமா விழும், எந்தத் தோளா இருந்தாலும் கவலை இல்ல, ஸ்லோவேனியா வாங்கினான், பெருசா பரவலை.

இப்ப ஏன் விடறாங்கன்னு கேட்டீங்கள்ல. ஒவ்வொருத்தனுக்கும் ஒரு காரணம். ஃபிரான்ஸோட புல்பப் ஃபமாஸ் 1978 சமாச்சாரம், ஸ்டீல் ஷெல் தோட்டாவுக்குன்னு செஞ்சது, நேட்டோ பித்தளை ஷெல் போட்டா தகராறு, செஞ்ச ஃபேக்டரியும் மூடியாச்சு, 2016ல மேகசின் முன்னாடி இருக்கிற எச்கே416ஐ தேர்ந்தெடுத்தான். சைனா கியூபிஇசட்-95 புல்பப்ல இருந்து சாதாரண டிசைன்ல இருக்கிற கியூபிஇசட்-191க்கு மாறறதை 2019 அணிவகுப்புல உலகம் பார்த்துச்சு.

பொதுவா ஒரு காரணம் சொல்லணும்னா பாடி ஆர்மர். கவசம் போட்டா தோள் முன்னாடி வந்துடும், அப்ப பட் நீளத்தைக் குறைக்கணும், எம்4ல இழுத்துத் தள்ளிக்கலாம், புல்பப்ல பட்டுக்குள்ளதானே மெஷினே இருக்கு எப்படிக் குறைப்பீங்க? கை குட்டையா இருக்கிறவன் பாடு திண்டாட்டம்தான். கூடவே குட்டைப் பேரலுக்கு ஏத்த தோட்டாவும் வந்தாச்சு, அதனால புல்பப் ஒண்ணாலதான் முடியும்னு இருந்த வேலை கொஞ்சம் சுருங்கிப்போச்சு. ஆனா முடிஞ்சுபோச்சுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன், ஆஸ்திரேலியா அதே ஏயூஜியை இஎஃப்88னு புதுப்பிச்சுத்தான் வெச்சிருக்கான், குரோஷியா விஎச்எஸ்-2ன்னு புதுசாவே செஞ்சான், அதுல பட் நீளத்தை அட்ஜஸ்ட் கூட பண்ணலாம்.

மழைக்குருவி:
அண்ணே சூப்பர், இப்ப தெளிவா புரியுது. ஒரே ஒரு டவுட், டேவர்ல போல்ட் மாத்தினா இடது பக்கம் வரும்னீங்களே, அதை சோல்ஜரே அங்கயே மாத்திக்கலாமா?

பழைய பட்டாளத்தான்:
மாத்தறது பெரிய வித்தை இல்ல தம்பி, ஆனா அதுக்கான இடது கை போல்ட் தனியா வேணும், கழட்டி மாட்டி சரி பார்க்கணும், அதனால படையில ஆளுக்கு ஏத்த மாதிரி முன்னாடியே செட் பண்ணிக் குடுத்துடறதுதான் வழி. இடது கைக்காரனான உங்களுக்கு அது போதும். ஆனா வலது பக்கம் செட் பண்ணின ரைஃபிளை நடு சண்டையில சட்டுனு இடது தோளுக்கு மாத்தினா ஷெல் மூஞ்சிக்குத்தான் வரப் பார்க்கும், டிஃப்ளெக்டர் (ஷெல்லைத் திருப்பி விடற தடுப்பு) எவ்வளவு தள்ளி விடுதோ அவ்வளவுதான்.