எக்ஸ்5, எக்ஸ்சி90, ஆர்எக்ஸ்: எதை எடுப்பது, எந்த ஆப்ஷனுக்குக் காசு கொடுப்பது?

பொங்கோல்வாசி | அக்டோபர் 2024

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் இப்போது ஓட்டும் செடானின் சிஓஇ (ஏலத்தில் எடுக்கும் பத்து வருஷ கார் உரிமம்) அடுத்த மார்ச்சில் முடிகிறது. அதைப் புதுப்பிக்காமல் பெரிய எஸ்யூவியாக எடுத்துவிடலாம் என்று நானும் மனைவியும் பேசி முடிவு செய்துவிட்டோம். இந்த மாதிரி வண்டி வாழ்க்கையில் ஒரு தடவைதான் வாங்குவோம், அதனால் நன்றாக விசாரித்து வாங்க ஆசை. வங்கி 60 விழுக்காடுதான் கடன் தரும், 7 வருஷத்தில் கட்டி முடிக்க வேண்டும். மீதிப் பணம் கையில் இருக்கிறது, ஆனால் அதற்கு மேல் இழுக்க முடியாது.

வீட்டில் ஐந்து பேர். பிள்ளைகளுக்கு ஆறு வயது, ஒன்பது வயது. அம்மா எங்களோடு இருக்கிறார், இரண்டு முழங்காலிலும் வலி. வார நாட்களில் பள்ளிக்கூடம், வேலை, அம்மாவின் மருத்துவமனை. ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தை. பள்ளி விடுமுறையில் ஈப்போவில் இருக்கும் மாமா வீட்டுக்கு காரில்தான் போவோம். வண்டி நிற்பது வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) பல மாடி கார்நிறுத்தத்தில்.

பிஎம்டபிள்யூ எக்ஸ்5, வோல்வோ எக்ஸ்சி90, லெக்சஸ் ஆர்எக்ஸ் 350எச் மூன்றையும் பார்த்தாயிற்று. மனசு எக்ஸ்5 பக்கம்தான் போகிறது. ஆனால் ஆப்ஷன் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது: கண்ணாடிக் கூரை, ஏர் சஸ்பென்ஷன், 21 அங்குல ரிம், காற்று வரும் இருக்கை, 360 டிகிரி கேமரா, விலை உயர்ந்த ஸ்பீக்கர், கண்ணாடியில் வேகம் காட்டும் திரை. இவ்வளவு கொடுத்து வாங்கும்போது இதையும் போட்டுவிடுங்கள் சார், பிறகு போட முடியாது என்கிறார் விற்பனையாளர். இதில் எது உண்மையிலேயே தேவை?

தெம்பனிஸ்84

முதலில் ஒரு டேப் எடுத்துக்கொண்டு உங்கள் கார்நிறுத்தத்துக்குப் போங்கள். இங்கே ஒரு லாட்டின் அகலம் 2.4 மீட்டர், நீளம் 4.8 மீட்டர். எக்ஸ்5 கண்ணாடி சேர்க்காமலே 2 மீட்டர் அகலம். நடுவில் சரியாக நிறுத்தினால் ஒரு பக்கத்துக்கு 20 சென்டிமீட்டர்தான் உங்களுடையது. பக்கத்து வண்டியும் அதே அளவு என்றால் அம்மா எப்படி இறங்குவார்? நீளத்திலும் மூன்று வண்டியுமே லாட்டை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், ஆர்எக்ஸ் கொஞ்சம் குறைவு. ஷோரூமில் சுற்றிலும் காலியாக இருக்கும், அங்கே இதெல்லாம் தெரியாது.

காக்கிபுக்கிட்_பட்டறை

தம்பி, நான் காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கிறேன். உத்தரவாதம் முடிந்த ஐரோப்பிய எஸ்யூவிகள்தான் எனக்குப் பாதி வேலை. நீங்கள் பார்க்கும் ஆப்ஷன் எல்லாம் ஆறேழு வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வரி. ஆலையிலேயே பொருத்தி வரும் ஆப்ஷன் எதுவாக இருந்தாலும் அதன் விலை வண்டியின் ஓஎம்வியில் (இறக்குமதி ஆகும்போது போடும் சந்தை மதிப்பு) சேரும். ஓஎம்விமேல் 20 விழுக்காடு கலால் தீர்வை, இரண்டும் சேர்ந்த தொகைமேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. அப்புறம் ஏஆர்எஃப், அதாவது கூடுதல் பதிவுக் கட்டணம். அது 2023 பிப்ரவரியிலிருந்து ஐந்து படி: முதல் 20,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) 100 விழுக்காடு, அடுத்த 20,000க்கு 140, அடுத்ததற்கு 190, அதற்கடுத்து 250, 80,000க்கு மேல் 320. உங்கள் வண்டியின் ஓஎம்வி 60,000ஐத் தாண்டிவிட்டது என்று வையுங்கள். ஆலை விலை 1,000 வெள்ளி உள்ள ஒரு ஆப்ஷனுக்கு ஏஆர்எஃப் 2,500, தீர்வை 200, ஜிஎஸ்டி 108. மொத்தம் 3,808 வெள்ளி. விற்பவரின் லாபம் இதில் இன்னும் சேரவில்லை.

ஏஆர்எஃப் பாதி திரும்பி வருமே என்று சிலர் சொல்வார்கள். வரும், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 2024இல் உள்ள விதிப்படி, 10 வருஷம் முடியும் தறுவாயில் பதிவை ரத்து செய்தால் கட்டிய ஏஆர்எஃபில் 50 விழுக்காடு கிடைக்கும். 2023 பட்ஜெட்டில் அதற்கு 60,000 வெள்ளி உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். கணக்குப் போட்டால், ஓஎம்வி 73,600 வெள்ளியைத் தொடும்போது ஏஆர்எஃப் 120,000, அதில் பாதி சரியாக 60,000. அதற்கு மேல் நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு ஆப்ஷனின் வரியும் போனது போனதுதான். விலைப்பட்டியலில் ஓஎம்வி எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு எந்தப் படி என்று தெரிந்துகொண்டு பிறகு ஆப்ஷனைத் தொடுங்கள்.

இப்போது ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கண்ணாடிக் கூரை வேண்டவே வேண்டாம். பன்னிரண்டு மணி வெயிலில் திரையை மூடிவைத்துத்தான் ஓட்டப்போகிறீர்கள். அது மட்டும் இல்லை. கூரைக் கண்ணாடியைச் சுற்றி ஒரு வாய்க்கால் இருக்கும். அதன் மூலைகளிலிருந்து விரல் பருமன்கூட இல்லாத குழாய்கள் தூண்களுக்குள் இறங்கி மழைத்தண்ணீரை வெளியேற்றும். திறந்தவெளியில் மரத்தடியில் நிறுத்துகிற வண்டியில் தூங்குமூஞ்சி மரத்தின் இலைத்தூளும் பெருங்கொன்றைப் பூவும் சேறாகி அந்தக் குழாயை அடைத்துவிடும். தண்ணீர் எங்கே போகும்? தூணுக்குள் வழிந்து கம்பளத்துக்கு அடியில் தேங்கும். பல வண்டிகளில் மின்னணுப் பெட்டிகளும் வயர்க்கட்டுகளும் அங்கேதான் இருக்கின்றன. வாடிக்கையாளர் “ஏசி நாற்றம் அடிக்கிறது” என்று சொல்லிக்கொண்டு வருவார். கம்பளத்தைத் தூக்கினால் கீழே உள்ள பஞ்சு தண்ணீரில் ஊறி நிற்கும், இணைப்பு ஊசிகள் பச்சை பிடித்திருக்கும். குழாயை மெல்லிய நைலான் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். அழுத்தமாகக் காற்று அடித்தால் உள்ளே குழாய் கழன்றுகொள்ளும், அப்புறம் கூரைத் துணியையே இறக்க வேண்டியதுதான். சில மாடல்களில் கூரை கூடவே வருகிறது, தவிர்க்க முடியாது. அப்படி என்றால் ஒவ்வொரு சர்வீசிலும் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏர் சஸ்பென்ஷன் ஓட்டும்போது அருமையாக இருக்கும், அதை நான் மறுக்க மாட்டேன். உங்கள் அம்மாவுக்காக வண்டியைக் கொஞ்சம் இறக்கி வைக்கவும் முடியும். ஆனால் அந்தக் காற்றுப்பை ரப்பர். நம் ஊர் வெக்கையில் வருஷங்கள் போகப் போக மடிப்புகளில் வெடிப்பு விடும். காலையில் வந்து பார்த்தால் வண்டி ஒரு மூலையில் மட்டும் பதிந்து நிற்கும். கிளப்பினால் எழுந்துவிடும், அதனால் பலர் கண்டுகொள்ளாமல் ஓட்டுவார்கள். அங்கேதான் நஷ்டம். கசிவை ஈடுகட்ட கம்பிரசர் ஓயாமல் ஓடி அதுவும் எரிந்துபோகும். ஒரு பை மாற்ற வேண்டிய வேலை, பையும் கம்பிரசருமாக முடியும். சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசிகிற இடத்தில் நுரை கிளம்பும், ஐந்து நிமிஷ சோதனை. ஐந்து வருஷத்தில் விற்றுவிடுவதாக இருந்தால் போடுங்கள். பத்து வருஷம் வைத்திருக்கப்போகிறீர்கள் என்றால் சாதாரண ஸ்பிரிங்கே போதும். அம்மாவுக்குக் கால் வைக்க ஒரு பக்கப் படி வாங்குங்கள்.

21 அங்குல ரிம் படத்தில் நன்றாக இருக்கும். பல மாடி கார்நிறுத்தத்தின் வளைவில் ஒரு தடவை உரசினால் அவ்வளவுதான். டயரின் பக்கச்சுவர் மெலிசு, பள்ளத்தில் இறங்கினால் ரிம் நெளியும், டயர் விலையும் அதிகம். 19 கிடைத்தால் 19. உள்ளே இருப்பவர்களுக்கும் அதுதான் சுகம்.

காசு கொடுக்க வேண்டியது இரண்டுக்குத்தான் என்பேன். காற்று வரும் இருக்கையும் 360 டிகிரி கேமராவும். நம் ஊரில் முதுகு நனையாமல் இறங்குவது பெரிய விஷயம், வருஷம் முழுக்க பயன்படும். கேமரா ஏன் என்று தெம்பனிஸ் நண்பர் சொன்ன கணக்கே சொல்லும். ஸ்பீக்கரும் வேகம் காட்டும் திரையும் உங்கள் ஆசை. பின்னிருக்கைக்குத் தனி ஏசி துவாரம் இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். எக்ஸ்சி90இல் நடுத்தூணிலேயே துவாரம் இருக்கும், பிள்ளைகளுக்கு நேராகக் காற்று வரும். நல்ல வெப்பத்தடுப்புத் தாளும் ஒட்டுங்கள், ஆனால் முன்கண்ணாடியிலும் முன்பக்க ஜன்னல்களிலும் 70 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வர வேண்டும், பின்னால் 25. சோதனையில் நிற்காத தாளை ஒட்டாதீர்கள்.

எந்த வண்டி என்று கேட்டால், ஐந்து பேர்தான், பத்து வருஷம் வைத்திருப்பீர்கள் என்றால் என் கை ஆர்எக்ஸ் 350எச் பக்கம்தான் காட்டும். சாலை வரி 2,487 சிசிக்கு வருஷம் 1,783 வெள்ளி. எக்ஸ்5இன் 3 லிட்டர் எஞ்சினுக்கு 2,382. அது சின்ன வித்தியாசம்தான். பத்தாம் வருஷத்தில் என் பட்டறைக்கு எத்தனை தடவை வருவீர்கள் என்பதில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

ஜூரோங்_மீனா

பட்டறை அண்ணன் சொன்ன ஆப்ஷன் கணக்கை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். வண்டி விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து.

1.35 மீட்டர் உயரம் வரும்வரை பிள்ளைகளுக்கு அதற்கான இருக்கை கட்டாயம். ஆறு வயதுப் பிள்ளைக்கு நிச்சயம் வேண்டும், ஒன்பதுக்கும் வேண்டியிருக்கலாம். ஆர்எக்ஸின் பின்னிருக்கையில் இரண்டு பூஸ்டர் வைத்து, நடுவில் பெரியவர் ஒருவர் ஈப்போவரை உட்கார்ந்து போவதை நினைத்துப் பாருங்கள். அம்மா முன்னால் என்றால் அந்த நடு இடம் உங்கள் மனைவிக்கு. எங்கள் வீட்டில் எக்ஸ்சி90. நடு வரிசையின் மத்திய இருக்கையிலேயே பூஸ்டர் மடித்து வைத்திருக்கிறது, தூக்கிவிட்டால் சின்னவள் உட்கார்ந்துகொள்வாள். பெரியவன் மூன்றாம் வரிசைக்குத் தானே ஏறிப்போவான். என் மாமியாரும் முழங்கால் வலிக்காரர்தான். அவர் முன்னால் ஏறி உட்கார்ந்த பிறகு எங்களுக்கு ஒரு இழுபறியும் இல்லை. எஞ்சின் 2 லிட்டர்தான், சாலை வரி 1,176 வெள்ளி.

இன்னொன்று. அம்மாவை ஷோரூமுக்கு நேரில் கூட்டிப்போங்கள். ஒவ்வொரு வண்டியிலும் ஏறி இறங்கச் சொல்லுங்கள். கைப்பிடி எந்த உயரத்தில் இருக்கிறது, கதவு எத்தனை கட்டமாகத் திறந்து நிற்கிறது என்பதை அவர்தான் சொல்ல முடியும். பத்து வருஷம் தினமும் ஏறி இறங்கப்போவது அவர்.

பொங்கோல்வாசி

இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு மிக்க நன்றி. டேப்போடு போய் அளந்தேன். எங்கள் லாட் ஒரு பக்கம் தூண், எக்ஸ்5 ஆசை அங்கேயே போய்விட்டது. மனைவி மீனா அக்கா சொன்னதைப் படித்துவிட்டு எக்ஸ்சி90தான் என்கிறார்.

அண்ணே, இரண்டு சந்தேகம். 2021, 2022இல் பதிவான எக்ஸ்சி90 பழைய வண்டியாகப் பார்க்கலாமா? இரண்டாவது, புதிதாக எடுத்தால் இந்த மாதமே கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். சிஓஇ ஏறும் என்று பயமுறுத்துகிறார்கள்.

காக்கிபுக்கிட்_பட்டறை

வீட்டுக்காரம்மா சொன்னால் சரிதான் தம்பி, மீனா தங்கச்சி சொன்ன காரணமும் நியாயமானது. எக்ஸ்சி90 மோசமான வண்டி இல்லை. சாதாரண ஸ்பிரிங் உள்ளதாகப் பாருங்கள், அவ்வளவுதான்.

பழையது நல்ல யோசனை. 60,000 உச்சவரம்பு 2023 பிப்ரவரி இரண்டாம் ஏலத்திலிருந்து எடுத்த சிஓஇக்குத்தான். அதற்கு முன்னால் பதிவான வண்டிக்கு அந்த வரம்பு கிடையாது, கட்டிய ஏஆர்எஃபுக்கு ஏற்றபடி திரும்பும். விற்கும் விலையிலிருந்து திரும்பும் தொகையைக் கழியுங்கள், மீதமுள்ள சிஓஇ வருஷங்களால் வகுங்கள். புதுசுக்கும் அதே கணக்குப் போட்டு இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். கண்ணாடிக் கூரை இருந்தால் முன்கம்பளத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள், ஈரம் தெரிந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஏர் சஸ்பென்ஷன் இருந்தால் காலையில், யாரும் கிளப்புவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள்.

சிஓஇ ஏலம் மாதம் இரண்டு தடவை நடக்கிறது. 2023 அக்டோபரில் பி பிரிவு (பெரிய கார்களுக்கானது) 150,001 வெள்ளி வரை போனது, அப்புறம் இறங்கியும் வந்தது. எப்போது ஏறும் என்று விற்பனையாளருக்கும் தெரியாது. உங்கள் சிஓஇ மார்ச்சில்தான் முடிகிறது, அவசரமே இல்லை. கையெழுத்துப் போடும்போது ஒப்பந்தத்தில் இரண்டு வரியைத் தேடுங்கள்: சிஓஇ உத்தரவாதமா, இல்லையென்றால் எத்தனை ஏலம் கேட்பார்கள். சிஓஇ எந்தத் தொகைக்குக் கீழே போனால் மிச்சம் உங்களுக்கு வரும். இரண்டும் எழுத்தில் இல்லையென்றால் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

பழைய வண்டி எதையாவது முடிவு செய்தால் பணம் கட்டும் முன்பு ஒரு நல்ல பட்டறையில் லிஃப்டில் ஏற்றிக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள்.