வெறும் தகட்டுக்கு எந்த பிரைமர்? ரெட் ஆக்சைடா, எட்சா, எபாக்ஸியா?

தருமபுரி_சேட்டக்88:
பழைய பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டர் பாடியை வெறும் தகடு வரைக்கும் உரிச்சாச்சு. கால் வைக்கிற இடத்துக்கு அடியில துரு இருந்துச்சு, பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவி அப்படியே காய விட்டுட்டேன். பெயின்டர் ரெட் ஆக்சைடே போதும்ங்கிறார். கடையில ஆசிட் கலந்த எட்ச் பிரைமர் எடுத்துக் கொடுக்கிறாங்க. பள்ளத்தை நிரப்புற பட்டி வேலை நிறைய இருக்கு. எதை அடிக்கலாம்?

ஓசூர்_டிங்கர்:
பிரைமர் ஒண்ணு, அதை இறுக வைக்கிற ஹார்டனர் ஒண்ணுன்னு ரெண்டு டப்பாவா வர்ற எபாக்ஸிதான். பட்டி நிறையன்னு சொன்னதுமே எட்ச் அடிபட்டுப் போச்சு. எட்ச்ல இருக்கிற ஆசிட், பாலியெஸ்டர் பட்டியோட ஹார்டனரைக் கெடுத்துடும். பட்டி அடியில சரியா இறுகாம பின்னால ஓரம் தூக்கும். அலுமினியம், ஜிஐ (துத்தநாகம் பூசின) தகடுன்னா எட்ச் அடிக்கலாம்.

சாதா ரெட் ஆக்சைடு, வீட்டு கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் சரி. அதுக்குள்ள ஈரம் இறங்கும், தகடு உள்ளேயே துரு பிடிச்சுப் பெயின்ட் பொரிப் பொரியா எழும்பும். சந்தேகமா இருந்தா, நல்லா காய்ஞ்ச பிறகு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர்ல நனைச்ச துணியை அரை நிமிஷம் தேய்ச்சுப் பாருங்க. துணி சிவந்தா, மேல அடிக்கிற பெயின்ட்டோட தின்னரும் அதை அப்படித்தான் கரைக்கும்.

கிருஷ்ணகிரி_பட்டறை:
பிரைமரை விடுங்க, காய விட்ட ஆசிட்தான் இங்க பெரிய சிக்கல். அதுமேல எபாக்ஸி அடிச்சா தோல் மாதிரி உரியும். அதே கன்வெர்ட்டரை மறுபடி தடவி, ஈரமா இருக்கும்போதே பிரஷ்ஷால தேய்ச்சு, காயறதுக்குள்ள நிறைய தண்ணி விட்டுக் கழுவுங்க. உடனே காத்தடிச்சு உலர்த்துங்க, மடிப்புலயும் வெல்டிங் ஓரத்துலயும் தண்ணி நிக்கும். அப்புறம் 80 நம்பர் எமரி, மேலாப்புல 120. கழுவின தகட்டுல லேசா மஞ்சள் துரு ஏறியிருந்தா எமரியிலயே போயிடும்.

அதுக்கப்புறம் வெறுங்கை படக்கூடாது. விரல் வியர்வை பட்ட இடத்துல காலையில ரேகையோட துரு நிக்கும்! எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிற டிகிரீசர்ல நனைச்ச துணி ஒண்ணு, துடைச்செடுக்கக் காய்ஞ்ச துணி ஒண்ணு. அன்னைக்கே பிரைமர் அடிச்சுடணும்.

தருமபுரி_சேட்டக்88:
நன்றிண்ணா. எவ்வளவு வாங்கணும்? மழை விட்டபாடில்லை, அடிக்கலாமா?

ஓசூர்_டிங்கர்:
உள்ளேயும் வெளியேயும் ரெண்டு கோட்டுக்கு, ஹார்டனரோட சேர்த்து ஒன்றரை லிட்டர் வச்சுக்கோங்க, ஸ்ப்ரே கன்ல பாதி காத்தோட போயிடும். பிரைமர், ஹார்டனர் கலவை 4க்கு 1 வரும், 1க்கு 1ம் வரும். டப்பாவுல போட்டிருக்கிறபடி அளந்து ஊத்துங்க, கண்மதிப்பு ஆகாது. ஹார்டனர் கூடப் போட்டா சீக்கிரம் காயும்னு நினைக்காதீங்க, ஒட்டுறதே கெடும். தின்னரும் எபாக்ஸிக்குன்னு விக்கிறதே வேணும்.

ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டுற நாள்ல வேண்டாம். தகட்டைத் தொட்டா சில்லுன்னு வேர்த்திருந்தா கன்னைக் கீழ வச்சுடுங்க. எங்க ஊர்ல டிசம்பர் ராத்திரி 15 டிகிரிக்குக் கீழ இறங்கினா இறுகவே நாள் பிடிக்கும், பத்து மணிக்கு மேல வெயில் ஏறினதும் அடிங்க.

கிருஷ்ணகிரி_பட்டறை:
கோட்டுக்குக் கோட்டு விடுற இடைவெளியும் டப்பாவுலயே இருக்கும். அந்தக் கெடு தாண்டினா 320 நம்பர் எமரியில தேய்ச்சுட்டுத்தான் அடுத்த கோட். எபாக்ஸியை வெயில்ல அப்படியே போட்டு வைக்காதீங்க, மேல மாவு மாதிரி பூக்கும். கைக்குட்டை கட்டிக்கிட்டு அடிக்காதீங்க, கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேணும்.