மின்வாரியத்தைப் பிரிக்கும்போது எது முதலில்?

கேள்வி
உற்பத்தி, மின்கடத்தல், பகிர்மானம் மூன்றும் ஒரே வாரியத்தின் கையில் உள்ள ஒரு நாட்டில், அதைத் தனித்தனிக் கம்பெனிகளாகப் பிரிக்கச் சட்டம் வந்துவிட்டது என்று வையுங்கள். சொத்து மாற்றம், ஒழுங்குமுறை ஆணையம், தனியார் ஏலம்: எந்த வரிசையில் போக வேண்டும்? பகிர்மானத்தைத் தனியாருக்குக் கொடுத்தால் இழப்பு தானாகக் குறையுமா?

பதில் 1
தானாக எதுவும் குறையாது. முதலில் மீட்டர், மற்றதெல்லாம் பிறகு. கடத்தல் கம்பெனி மின்சாரத்தை ஒப்படைக்கும் ஒவ்வொரு இடத்திலும் 0.2எஸ் துல்லிய வகை மீட்டர் (பிழை சுமார் 0.2 சதத்துக்குள்) வேண்டும், 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு, பக்கத்திலேயே ஒரு சரிபார்ப்பு மீட்டர். சுமை கூடியதும் சிடியை (பெரிய மின்னோட்டத்தை மீட்டர் தாங்கும் அளவுக்குச் சுருக்கும் மின்மாற்றி) 400/1-லிருந்து 800/1-க்கு மாற்றுவார்கள். பதிவேட்டில் பெருக்கு எண் (மீட்டர் காட்டுவதைப் பெருக்க வேண்டிய எண்) பழையபடியே இருக்கும். அந்த ஃபீடரில் (மின்வழித்தடத்தில்) போனதில் பாதிதான் கணக்கில் ஏறும். கடத்தல் இழப்பு வீங்கும், பகிர்மானம் யோக்கியமாகத் தெரியும்.

ஒரு வருஷமாவது இந்த மீட்டர்கள் ஓடிய பிறகே அடிப்படை இழப்பை, அதாவது ஏலத்துக்கு முன் உள்ள தொடக்க இழப்பை, எழுதுங்கள். 100 யூனிட் வாங்கி 78-க்கு பில் போட்டு, பில் தொகையில் 92 சதம் வசூலானால் 0.78 × 0.92 = 0.7176. அதாவது மொத்த இழப்பு 28.24 சதம். வசூலை விட்டுவிட்டு 22 என்று ஏலத்தில் காட்டினால் வாங்குபவர் முதல் வருஷமே கை விரிப்பார். ஒடிசாவில் 1996-ல் பிரித்து, 1999-ல் நான்கு பகிர்மானக் கம்பெனிகளைத் தனியாரிடம் கொடுத்தபோது அடிப்படை இழப்பு குறைத்தே காட்டப்பட்டிருந்தது, சொத்து மதிப்பு ஏற்றப்பட்டிருந்தது. 2001-ல் ஒரு நிறுவனம் விலகியது. மற்ற மூன்று உரிமங்களை 2015-ல் ஆணையம் ரத்து செய்தது.

பதில் 2
மீட்டர் சரி, தொடக்க இருப்புநிலைக் குறிப்பை (புதுக் கம்பெனியின் முதல் நாள் சொத்து, கடன் கணக்கு) மறக்காதீர்கள். பழைய நிலுவையை அப்படியே பகிர்மானக் கம்பெனி தலையில் கட்டினால் அது பிறக்கும்போதே திவால். வராது என்று தெரிந்த பில் பாக்கியைத் தள்ளுபடி செய்யுங்கள், பழைய கடனை அரசோ தனி ஹோல்டிங் கம்பெனியோ ஏற்கட்டும். டெல்லி 2002-ல் இதை ஓரளவு செய்தது: யார் அதிக விலை தருவார் என்று பார்க்காமல், ஐந்து வருஷத்தில் இழப்பை எவ்வளவு குறைப்பார் என்று ஏலம் விட்டது, இடைக்கால உதவியாக அரசு சுமார் 3,450 கோடி ரூபாய் ஒதுக்கியது.

ஆணையத்தை ஏலத்துக்கு முன்பே அமையுங்கள். கட்டணத்தை ஏற்றத் தயங்கும் ஆணையம் பற்றாக்குறையை ‘ஒழுங்குமுறைச் சொத்து’ என்று தள்ளிவைக்கும். பேர்தான் சொத்து, நுகர்வோர் பின்னால் வட்டியோடு கட்ட வேண்டிய பாக்கி அது. டெல்லியிலும் அது மலையாகச் சேர்ந்தது. மானியம் தர விரும்பும் அரசு முன்பணமாகக் கட்ட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதுங்கள். இந்தியாவின் 2003 மின்சாரச் சட்டத்தில் 65-ஆம் பிரிவு அதுதான்.

பதில் 3
உற்பத்தியையும் துண்டு போட்டால் போட்டி வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 1990-ல் நிலக்கரி, எண்ணெய் நிலையங்கள் இரண்டே கம்பெனிகளுக்குப் போயின. பெரும்பாலான நேரம் சந்தை விலையை அவர்களே நிர்ணயித்தார்கள். 2001 மார்ச்சில் அந்தச் சந்தை முறையையே மாற்ற வேண்டியதாயிற்று. கலிஃபோர்னியா இன்னும் மோசம்: சில்லறை விலையைப் பூட்டிவிட்டு, பகிர்மானக் கம்பெனிகளை அன்றாடச் சந்தையில் வாங்கச் சொன்னார்கள். சந்தை விலை எகிறியது. 2001 ஏப்ரலில் பிஜி அண்ட் ஈ என்ற அங்குள்ள பெரிய மின்கம்பெனி திவால்.

சிறிய மின்தொகுப்பு என்றால், மிகப் பெரிய ஒற்றை இயந்திரமே உச்சத் தேவையில் பெரும் பங்கு என்றால், ஒற்றைக் கொள்முதல் முறையே (ஒரே கம்பெனி எல்லா மின்சாரத்தையும் வாங்கிப் பகிர்மானத்துக்கு விற்பது) போதும். ஆனால் சுமை அனுப்பீட்டு மையம் (எந்த இயந்திரம் எவ்வளவு ஓட வேண்டும் என்று சொல்லும் இடம்) உற்பத்திக் கம்பெனியின் கீழ் இருக்கக் கூடாது. தன் இயந்திரத்துக்கே முதலிடம் கொடுக்கும். பகிர்மானக் கம்பெனிகள் பணம் கட்டாவிட்டால் பாக்கி முழுதும் கொள்முதல் கம்பெனியிடம் குவியும் என்பதால், வங்கிக் கடனுறுதிக் கடிதம் (பகிர்மானக் கம்பெனி கட்டாவிட்டால் வங்கி கட்டும் என்ற உறுதி) இல்லாமல் ஒப்பந்தத்தை அமலுக்குக் கொண்டுவராதீர்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி. ஓய்வூதியப் பொறுப்பு யாருக்கு?

பதில் 2
தனி அறக்கட்டளைக்கு. பிரிக்கும் நாளுக்கு முன் ஆக்சுவரியை (ஓய்வூதியம், காப்பீடு போன்ற எதிர்காலச் செலவைக் கணக்கிடும் வல்லுநர்) வைத்துப் பொறுப்பைக் கணக்கிட்டு, பழைய சேவைக்கால நிதியை அரசு போட வேண்டும். தொழிற்சங்கம், அரசு, கம்பெனி மூவரும் சேர்ந்த முத்தரப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் ஊழியர் மாற்ற அறிவிக்கையை வெளியிட்டால், அடுத்த வாரமே நீதிமன்றத் தடை வந்து நிற்கும்.