கிடை போட்ட இடத்தில் பூவைக் காணோம்: பார்த்தவங்க எழுதுங்க

திருநகர்க்காரன்

உத்தரகாண்ட் பூக்களின் பள்ளத்தாக்குக்கு இங்க நிறைய பேர் போயிட்டு வந்திருக்கீங்க. அதனால கோவிந்த்காட், காங்கரியா, மழை, கோவேறு கழுதை எதையும் எழுதல. எனக்கு இன்னும் மனசுல ஓடிக்கிட்டே இருக்கிறது ஒரே ஒரு இடம்தான்.

பாதைக்கு மேல சரிவுல சின்னதா ஒரு மட்டமான தரை. சுத்திலும் முழங்காலுக்குக் கீழ ஊதா, மஞ்சள், வெள்ளைன்னு கலந்து பூத்துக் கிடக்கு. அந்த மட்டத்துல மட்டும் நெஞ்சு உயரத்துக்கு ஒரே செடி. செவந்த தண்டு, கணு கணுவா, நீட்டு இலை. கையால விலக்கி உள்ள பார்த்தேன். கருகருன்னு ஈர மண்ணு, மேல போன வருஷத்துத் தண்டுச் சருகு, வேற ஒரு முளை இல்ல. ஓரத்துல ஜெரேனியம் ஒண்ணு மாட்டிக்கிட்டு, வெளிச்சத்துக்காகக் காம்பு நீண்டு சாஞ்சு கிடந்துச்சு. இலை இருக்கு, ஒரு மொட்டு கிடையாது. ரெண்டு எட்டு தள்ளி அதே ஜெரேனியம் பூத்துக் குலுங்குது.

கூட வந்த உள்ளூர்க்காரர் சொன்னார், "முன்னாடி ராத்திரி இங்கதான் ஆடு அடைப்பாங்க"ன்னு. அது தேசியப் பூங்கா ஆனது 1982ல, அதோட மேய்ச்சலை நிறுத்திட்டாங்க. இத்தனை வருஷம் ஆகியும் ஆடு படுத்த இடம் தனியாத் தெரியுது.

நம்ம பக்கம் அறுப்பு முடிஞ்சதும் ஆடு மேய்க்கிற ராமநாதபுரத்துக் கீதாரிங்க வருவாங்க. எங்க தாத்தா நெல்லு அளந்து கொடுத்து, ராத்திரி ஆட்டை வயல்ல அடைச்சுக் கிடை போடச் சொல்லுவார். கிடை போட்ட வயல் அடுத்த போகத்துல தூரத்துல இருந்து பார்த்தாலே தெரியும். அதே புழுக்கை, அதே மூத்திரம். அங்க மட்டும் ஏன் பூ போச்சு?

ஒத்தக்கடை_வேர்

அண்ணே, நீங்க சொல்ற அடையாளத்துக்கு அது பாலிகோனம் பாலிஸ்டாக்கியம். அந்தப் பள்ளத்தாக்குல அதைப் பிடுங்குறதுக்கே ஆள் விடுறாங்க.

உயர்மலை மண்ணுல சத்தே இல்லன்னு பலரும் நினைக்கிறாங்க. சத்து இருக்கு, ஆனா செடி கைக்கு வராது. குளிர்ல நுண்ணுயிர்கள் மெதுவாத்தான் வேலை செய்யும், அதனால மக்காத வேருக்குள்ளயும் சருகுக்குள்ளயும் தழைச்சத்து (நைட்ரஜன்) பூட்டிக் கிடக்கும். கசியிற கொஞ்சத்தை வச்சுப் பிழைக்கப் பழகின குட்டைச் செடிங்கதான் நாம பார்க்கிற பூவெல்லாம். ஒரே இடத்துல தழைச்சத்து குவிஞ்சா, வேகமா உயரத் தெரிஞ்ச ஏதோ ஒண்ணு மேல ஏறி வெளிச்சத்தை மறைச்சிடும். ஆல்ப்ஸ்ல மாட்டுக் கொட்டகையைச் சுத்தி ருமெக்ஸ் ஆல்பைனஸ்னு ஒரு அகல இலைச் செடி இப்படித்தான் பிடிக்குது. மாடு போய்ப் பல வருஷம் ஆனாலும் அது போகாது.

கொலராடோவுல நைவாட் மலைமுகட்டுல உரம் போட்டே பார்த்திருக்காங்க. வறண்ட புல்வெளியில தழைச்சத்துதான் பற்றாக்குறை, ஈரமான புல்வெளியில தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) ரெண்டுமே பற்றாக்குறை. தழைச்சத்தைத் தொடர்ந்து கொடுத்த இடத்துல புல் ஏறிடுச்சு, ஜீயம் ரோசியைங்கிற மஞ்சள் பூச்செடி குறைஞ்சிடுச்சு.

எனக்கு மறக்காதது ஸ்பிட்டி போற வழியில பார்த்த பிஸ்டார்ட்டா விவிபாராங்கிற உயர்மலைச் செடி. விரல் நீளக் கதிர். மேல்பாதி வெள்ளைப் பூ, கீழ்ப்பாதி கேழ்வரகு அளவுக்குச் செங்குமிழ்கள். நகத்தால லேசாத் தட்டினதும் ஒரு குமிழ் உள்ளங்கையில விழுந்துச்சு. அதுல இருந்து ஒரு பச்சை இலை ஏற்கெனவே வெளிய வந்திருந்துச்சு! தாய் மேல இருக்கும்போதே முளைச்சாச்சு. அந்தப் பூவுல விதை பிடிக்கிறது ரொம்ப அபூர்வம், அதனால இந்தக் குமிழை நம்பித்தான் அது பெருகுது. இன்னொண்ணு, அந்தச் செடியில ஒரு பூங்கதிர் மொட்டுக்குள்ள உருவாகத் தொடங்கி வெளிய விரிய 4 வருஷம் ஆகும். இந்த வருஷம் சத்து கிடைச்சா இந்த வருஷமே கூடுதலாப் பூக்க அதால முடியாது.

கருமாத்தூர்_மல்லி

இதுக்கு இமயமலை வரைக்கும் போக வேண்டியதில்லம்மா. எங்க பக்கத்து மல்லிக் காட்டுல நடந்ததைச் சொல்றேன்.

கவாத்து முடிஞ்சதும் உரக்கடையில சொன்னாங்கன்னு அந்தக் காட்டுக்காரரு யூரியாவை மட்டும் அள்ளி வச்சார். மாசியில பார்த்தா கண்ணு பட்டுடும், அப்படி ஒரு கரும்பச்சை. பங்குனி பிறந்துச்சு. விடியக்காலம் தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு பூவெடுக்கப் பொம்பளைங்க இறங்குனாங்க. எங்க காட்டுல மடி நிறையுது. அங்க இலையை விலக்கி விலக்கிப் பார்த்துட்டு, ஒரு சால் முழுக்கப் போயிட்டு வெறும் மடியோட வரப்புல வந்து உக்காந்துட்டாங்க. ஒருத்தரும் ஒண்ணும் பேசல. மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில பூ நல்ல விலைக்குப் போன நேரம் அது. அந்த மனுசன் மொகம் இன்னும் எனக்குக் கண்ணுக்குள்ளயே இருக்கு.

கிளை நீண்டுக்கிட்டே போச்சு, நுனியில அரும்பு கட்டவே இல்ல. அதுக்காகக் கிடையைக் குத்தம் சொல்லாதீங்க. நான் மக்குன ஆட்டுப்புழுக்கைதான் போடுறேன், பூவுக்குக் குறைச்சல் இல்ல. எவ்வளவு, எப்பங்கிறதுதான் கணக்கு.

சிறுமலை_அடிவாரம்

முதல் பதிவு எழுதின நண்பருக்கு. ஆட்டை நிறுத்தினதாலதான் அந்தச் செடி பரவுச்சுன்னு ஒரு கட்சி இருக்கு, அதை விட்டுட்டீங்களே. ஆடு இருந்தவரை கடிச்சும் மிதிச்சும் அடக்கி வச்சிருந்துச்சுங்கிறாங்க. எங்க மலையில நானே பார்த்திருக்கேன், ஆடு ஏறாத சரிவெல்லாம் உண்ணிச்செடி மூடிடுச்சு. ஒரு சரிவுல ஆட்டுத்தடம் போன கோட்டுல மட்டும் புல்லும் சின்னப் பூவும் நிக்குது, ரெண்டு பக்கமும் உண்ணி. சத்து சத்துன்னு மண்ணையே பார்க்காம ஆட்டோட வாயையும் பாருங்க.

முன்னாள்_வேளாண்_அலுவலர்

மல்லி பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். பணியில் இருந்தபோது ஒரு தோட்டத்தில் இலை முழுக்க வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. பூ சிறுத்துப் போயிருந்தது. சுண்ணாம்பு மிகுந்த மண், இரும்புச் சத்து வேருக்குக் கிடைக்கவில்லை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளித்த பிறகு பச்சை திரும்பியது. என் அனுபவம் இவ்வளவுதான்.

கருமாத்தூர் தம்பி, உங்கள் பக்கத்துத் தோட்டக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். மல்லிக்குச் செடி ஒன்றுக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120, சாம்பல் சத்து 120. இதில் தழையைப் போல இரு மடங்கு மற்ற இரண்டும் என்பதைக் கவனியுங்கள். கவாத்து முடிந்ததும் பாதி, ஜூன் ஜூலையில் மீதி. தொழுவுரம் செடிக்கு 10 கிலோ. எல்லாவற்றுக்கும் முன்னால் மண் பரிசோதனை. வரப்போரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம் இவற்றில் மண் எடுக்கக் கூடாது. மேலே உள்ள சருகை ஒதுக்கிவிட்டு, 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவில் குழி வெட்டி, அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் சீவி எடுங்கள். வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளுங்கள். அரைக்கிலோ வரும்வரை இப்படியே குறைத்து, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் கொடுங்கள். உரம் போட்ட கையோடு எடுத்த மண் எதற்கும் உதவாது.

கொடைரோடு_கண்ணன்

உரம், பூன்னு பேச்சு வந்ததும் எனக்குக் குறிஞ்சி ஞாபகம் வந்துச்சு. கொடைக்கானல்ல ஒரு எஸ்டேட்டுல 2006 பூப்புக்கு அப்புறம் விதையில முளைச்ச செடிங்களைப் பாத்தி கட்டி உரம் போட்டு வளர்த்தாங்க, சீக்கிரம் பூக்கும்னு. வேலிக்கு வெளிய நின்னதைவிட அதுங்க நல்லாவே பருத்துச்சு. ஆனா பூத்தது வெளிய நின்னதோட சேர்ந்து 2018லதான். ஒரே வாரத்துல வேலிக்கு உள்ளயும் வெளியயும் நீலம். பூத்து, விதை கொட்டி, ரெண்டு பக்கமும் சேர்ந்தே காஞ்சிடுச்சு.

திருநகர்க்காரன்

அலுவலர் ஐயாவுக்கு நன்றி, ஆனா நான் கேட்டது மல்லியைப் பத்தி இல்லைங்க. சிறுமலை நண்பரே, ஆட்டை நிறுத்தினதுதான் ஒரே காரணம்னா பள்ளத்தாக்கு முழுக்க ஒரே மாதிரி இல்ல மூடியிருக்கணும்? நான் பார்த்த திட்டு ஆடு படுத்த மட்டத்தோட அளவுக்குத்தான் இருந்துச்சு.

ஒத்தக்கடைத் தங்கச்சி, ஒரு சந்தேகம். ஓரத்துல மொட்டில்லாம நின்ன ஜெரேனியம், அதுவும் 4 வருஷக் கணக்கா?

ஒத்தக்கடை_வேர்

இல்லண்ணே, 4 வருஷங்கிறது நான் சொன்ன பிஸ்டார்ட்டாவுக்கு. ஜெரேனியத்தை அதோட சேர்க்க முடியாது. நீங்க எழுதினதை வச்சுப் பார்த்தா அது நிழல் வேலை. காம்பு நீளுறதுக்கே எல்லாத்தையும் செலவழிச்சிடுச்சு, மொட்டுக்கு மிச்சமில்ல. அதுக்கு உரத்தால நேரடியாக் கெடுதல் இல்ல, உரம் வளர்த்துவிட்ட பக்கத்துச் செடியாலதான்.

சிறுமலை அண்ணன் சொல்றதும் பொய் இல்ல. ஆடு ஒரு வேலை செய்யல, ரெண்டு வேலை செய்யுது. பகல்ல சரிவு முழுக்க மேய்ஞ்சு சத்தைக் கொஞ்சம் கொஞ்சமா எடுக்குது, ராத்திரி படுக்கிற இடத்துல அதைக் கொட்டுது. மேய்ச்சல் நின்னா வாய் போயிடும், கொட்டின சத்து மண்ணுலயே நிக்கும். நம்ம வயல்ல அப்படி நிக்காது, ஒவ்வொரு போகமும் நெல்லா, வைக்கோலா வெளிய போயிடுது, அதனாலதான் கீதாரியை மறுபடி மறுபடி கூப்பிடுறோம். அங்க அறுத்து எடுத்துட்டுப் போக யாரும் இல்ல.

அந்தப் பாலிகோனத்தை மேலோட வெட்டினா மட்டும் பத்தாது. கிழங்குத்தண்டுத் துண்டு மண்ணுல இருந்தா மறுபடி துளிர்க்கும், தோண்டித்தான் எடுக்கணும், அதுவும் விதை விழறதுக்குள்ள. அடுத்த ஆகஸ்ட்டு அங்க போறவங்க யாராவது இருந்தா, திட்டோட நடுவை விட்டுட்டு அந்த ஓரத்தைப் படம் எடுத்து இங்க போடுங்க. ஜெரேனியம் உள்ள நகருதா, இல்ல வெளிய தள்ளப்படுதான்னு அதுல தெரிஞ்சிடும்.